அக்கா குளம் சுற்றிக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குச் சற்று முன்னால், அக்கா நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

முன்னறையில் அந்த நாற்காலியை அப்பா தன் கையாலேயே துடைத்துப் போட்டிருந்தார். அதன் மேல் அம்மா பூப்போட்ட விரிப்பை விரித்திருந்தாள். கேசரியை இறக்கியாகிவிட்டது. பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்தாகிவிட்டது. நான் அக்காவின் சடையில் கனகாம்பரம் வைத்து முடித்திருந்தேன். போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி. அவளோ எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் உக்காரலப்பா. அவங்க வரட்டும். வெளிய போயி நடந்துகிட்டே பேசலாம்."

அப்பா கையிலிருந்த துண்டோடு அப்படியே நின்றார்.

போன வாரம் எங்கள் புளி மண்டியைப் பற்றி எழுதினேன். அந்த மண்டிக்குப் பின்புறம்தான் எங்கள் வீடு. தர்மபுரியில் கோட்டைக்குப் போகிற வழி. எண்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் இரண்டு வீட்டில் டி.வி. வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்குத் தெருவே அந்த இரண்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்.

அக்கா பெயர் மாதேஸ்வரி, வீட்டில் மாதேசு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ். குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவளுக்கு வலது கால் சூம்பிப் போயிருந்தது. வலது கையை முழங்காலுக்கு மேல் வைத்து அழுத்திக்கொண்டு, ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்து நடப்பாள். இதை நான் ஒளிக்காமல் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒளித்த காலம் ஒன்று இருந்தது, அதனால்.

முதலில் முகத்தைப் பார்க்கட்டும்

பெண் பார்க்க வரும்போது பெண்ணை உள்ளிருந்து நடத்திக் கூட்டி வந்து, காபி கொடுக்கச் சொல்வதுதானே வழக்கம்? எங்கள் வீட்டில் மட்டும் அது மாறியிருந்தது. அவர்கள் வாசலுக்கு வரும் முன்பே அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். புடவை கால் முழுவதையும் மூடியிருக்கும். காபியை நான் கொடுப்பேன். அவர்கள் போய்த் தெருமுனை திரும்பிய பிறகுதான் அக்கா எழுந்திருப்பாள்.

"மொதல்ல மூஞ்சியப் பாக்கட்டும். புள்ள லட்சணத்தப் பாத்துட்டா மத்தது பெருசாத் தெரியாது" என்பது அப்பாவின் கணக்கு. கால் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டார். "லேசா சாய்ச்சு நடப்பா" என்று சொல்வார். அந்த 'லேசா'வை அவர் எவ்வளவு லேசாகச் சொல்வார் என்பதைக் கேட்டிருக்க வேண்டும். புளியின் தரத்தில் இம்மி பிசகினால் வண்டியையே திருப்பி அனுப்புகிற மனிதர் அவர்.

முதல் இடம் அப்படித்தான் அமைந்தது. சேலம் பக்கத்துக்காரர்கள். பார்த்தார்கள், பிடித்தது என்றார்கள், நிச்சயத்துக்கு நாளும் குறித்தார்கள். அன்றைக்கு நிறைய சனம். "பொண்ணக் கூப்புடுங்க" என்று குரல் வந்ததும் அக்கா உள்ளறையிலிருந்து நடந்து வந்தாள். பையனின் பெரியப்பா எழுந்து, கொண்டுவந்த தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தன் ஆட்களிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் அக்கா தன் தலையிலிருந்த பூவைத் தானே எடுத்தாள். மறுநாள் வழக்கம்போல இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனாள். நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று இடம் வந்து போனது. ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலி முன்னறைக்கு வந்தது.

ரஹீம் பாய் உண்டாக்கிய வழக்கம்

இந்த வரனைக் கொண்டுவந்தவர் ரஹீம் பாய். கடைவீதியில் வளையல் கடை வைத்திருந்தார். அப்பாவுக்கு ரொம்ப நாள் சிநேகிதர். சந்தை நாட்களில் வளையல் பெட்டியோடு அரூர் பஸ் ஏறுவார். அந்த பஸ்ஸின் கண்டக்டர் முனிரத்தினம்தான் மாப்பிள்ளை. "அரூர்ல சொந்த வூடு. அம்மா மட்டுந்தான். பையன் வளையப் பொட்டிய காலால தள்ளமாட்டான், கையால எடுத்து வெப்பான். எனக்கு அது போதும்" என்று அப்பாவிடம் சிபாரிசு செய்திருந்தார்.

அன்று அவர்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிக்கொண்டு பாய் வாசலுக்கு வந்தபோது அக்கா நின்றுகொண்டிருந்தாள். அப்பா முகம் வெளுத்திருந்தது. பாய் இருவரையும் பார்த்தார், காலியான நாற்காலியைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது.

"வாங்க, வாங்க. மேல வராதீங்க, செருப்ப கழட்டாதீங்க" என்றார் வந்தவர்களிடம். "எங்கூர்ல ஒரு வழக்கம் இருக்குதுங்க. பொண்ணு பாக்க வர்றவங்க மூணு கொளத்தயும் சுத்திப் பாத்துட்டு வந்துதான் வூட்டுல கை நனைக்கணும். பொண்ணுதான் கூட்டிட்டுப் போயிக் காட்டணும்."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் அன்றைக்கு வரை கிடையாது. பாய் பொய் சொல்லும்போது தாடியைத் தடவிக்கொள்வார். அன்றைக்கு நன்றாகவே தடவினார்.

முனிரத்தினத்தின் அம்மா குள்ளமாக, கனத்த உடம்போடு இருந்தார். "அப்பிடியா, எங்க பக்கத்துல இல்லீங்களே" என்றார் சந்தேகமாக. மகனுக்கு வெள்ளைச் சட்டை, கையில் பெரிய டயல் வைத்த கடிகாரம். காக்கிச் சட்டையில்லாமல் என்ன செய்வது என்று தெரியாதவர்போல நின்றார்.

எங்கள் அம்மா மட்டும் பஜ்ஜி மாவுக்குக் காவலாக வீட்டில் இருந்துவிட்டாள். மற்றவர்கள் கிளம்பினோம்.

மீனும் ஆமையும்

அக்காவைப்போல ஊரைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் யாருமில்லை. நாங்களெல்லாம் இன்னொரு இடத்துக்குப் போவதற்காகக் குளத்தைக் கடந்து போவோம். அவளுடைய நடைக்குக் குளத்தின் ஒரு கரை முடிவதற்கே நேரமாகும். அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டே போவாள். எந்தக் கல்லில் என்ன செதுக்கியிருக்கிறது, எந்த மூலையில் முக்குளிப்பான் கூடு கட்டும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். என்ன படித்தேன் என்று கேட்காதீர்கள்.

முதலில் கோட்டைக் குளம். எங்கள் ஊரில் எது பழையதாக இருந்தாலும் 'ராஜா கட்டினது' என்று சொல்லிவிடுவார்கள். எந்த ராஜா என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். யார் கட்டினாரோ, மனம் வைத்துக் கட்டியிருந்தார். நாலு பக்கமும் கருங்கல் படிகள். நடுவில் நாலு கால் மண்டபம். இரண்டு வருஷம் வறண்டு கிடந்துவிட்டு அந்த ஐப்பசியில்தான் குளம் நிரம்பியிருந்தது. பச்சைத் தண்ணீரில் மண்டபத்தின் நிழல் ஆடாமல் கிடந்தது. பாசி வாசனையும், யாரோ துவைத்துவிட்டுப் போன சவுக்காரத்தின் வாசனையும் சேர்ந்து வந்தன. எல்லோரும் படம் பார்க்கப் போய்விட்டதால் கரையில் ஆளே இல்லை.

எங்கே போனாலும் நாலு அடி முன்னால் போவது அப்பாவின் பழக்கம். அன்றும் போய்விட்டார். பாயும் மாப்பிள்ளையின் அம்மாவும் பின்னால் வந்தார்கள். அக்கா, அவள் பக்கத்தில் நான், எனக்கு அந்தப் பக்கம் முனிரத்தினம்.

"இங்க ஒரு மீனு இருக்குதுங்க. அதுக்குக் கீழ ஒரு ஆமை" என்றாள் அக்கா. "படியில செதுக்குனது. ஆமை வெளிய தெரிஞ்சுதுன்னா எங்க தெருக் கெணறெல்லாம் வத்தப் போவுதுன்னு அர்த்தம். இப்ப ஆமை முங்கிக் கெடக்குது. மீனு மட்டுந்தான் தெரியும். வாங்க, காட்டறேன்."

சொல்லிவிட்டுப் படியில் இறங்கத் திரும்பினாள். முன்னால் போன அப்பா நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அக்கா முழங்காலில் கையை ஊன்றினாள்.

அப்போது முனிரத்தினம், நல்ல கணீர்க் குரலில், பஸ்ஸில் சொல்கிற அதே ராகத்தில் சொன்னார்:

"பாத்து, பாத்து. எடது கால மொதல்ல வெச்சு எறங்குங்க."

எங்கள் வீட்டில் யாரும் அந்தக் காலைப் பற்றி இப்படி நடுத்தெருவில் பேசியதில்லை. வந்தவர்களும் பேசியதில்லை. அக்கா நடக்கும்போது எல்லோரும் மரியாதையாக வேறெங்கோ பார்ப்போம். அதுதான் நல்ல பழக்கம் என்று எனக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது. "டேய்" என்று அவருடைய அம்மா அடிக்குரலில் அதட்டினார். முனிரத்தினத்தின் காது சிவந்துபோயிற்று.

"தப்பா நெனைக்காதீங்க. நாளெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி வாயில வந்துருச்சுங்க."

அக்கா படியில் நின்று திரும்பி அவரைப் பார்த்தாள்.

"எடது காலு மொதல்ல வெச்சா உழுந்துருவங்க. மேல நிக்கிற காலுதான் உடம்பத் தாங்கணும். வலது தாங்காது. அதனால எனக்கு வலதுதான் மொதல்ல."

அவர் அந்தக் காலைப் பார்த்தார். எல்லோரும் பார்க்காமல் விடுகிற காலை, டிக்கெட்டில் ஊர் பெயர் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"அப்பிடீங்களா. அப்ப வலதே வைங்க. அவசரமில்ல, வண்டி நிக்குது."

அக்கா சிரித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் சிரித்து நான் பார்த்ததேயில்லை. சிரித்துக்கொண்டே, சாய்ந்து சாய்ந்து இறங்கி, தண்ணீருக்கு ஒரு படி மேலே இருந்த மீனைக் காட்டினாள். அவரும் இறங்கிக் குந்தி உட்கார்ந்து அதன் செதில்களைத் தடவிப் பார்த்தார். கையைப் பிடிக்கட்டுமா என்று கேட்கவில்லை. ஏறி வரும்போதும் கேட்கவில்லை. அவள் ஏறி முடிக்கும் வரை கீழேயே நின்றார்.

அவர் சொன்ன உண்மை

கோட்டைக் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் பூமிக்கடியில் கல் வாய்க்கால் வழியாகப் பேட்டைக் குளத்துக்குப் போகும். அங்கே சுவரில் ஒரு மாட்டுத் தலை செதுக்கியிருக்கிறார்கள். அதன் வாய் வழியாகத் தண்ணீர் விழும். அதுவும் நிரம்பினால் குதிரைக் குளம். அதற்கப்புறம் ஏரி. ஒரு சொட்டும் வீணாகாதபடி யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் கைகூப்பத் தோன்றுகிறது. அந்த வாய்க்கால் எந்தெந்த வீட்டு வாசலுக்கு அடியில் ஓடுகிறது என்று அக்கா நடந்துகொண்டே காட்டினாள். ஒரு வாசலில் குனிந்து கேட்டால் சத்தமும் கேட்கும். முனிரத்தினம் குனிந்து கேட்டார். அந்த வீட்டு நாய் அவரைத் துரத்தப் பார்த்தது.

பேட்டைக் குளத்தில் மாட்டு வாயிலிருந்து தண்ணீர் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. அதன் எதிரே கைப்பிடிச் சுவரில் அக்கா கொஞ்சம் உட்கார்ந்தாள். அவர் தள்ளி நின்றார்.

"ஒண்ணு கேக்கலாங்களா" என்றாள் அக்கா. "உங்க பஸ்ல என்னய மாதிரி ஆளுங்க ஏறுனா என்ன பண்ணுவீங்க?"

"உக்கார்ற வரைக்கும் விசில் குடுக்க மாட்டங்க."

"எப்பவுமேங்களா?"

முனிரத்தினம் யோசித்தார். எப்பவுமே என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. நான்கூட மனதுக்குள் சொல்லித்தொலையுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

"இல்லீங்க" என்றார். "வழியில லாரி கவுந்து ரோடு நின்னுபோன நாள்ல லேட்டாயிரும். டிரைவரு கத்துவாரு. பின்னாடி வர்ற பஸ்காரன் நம்ம கலெக்சனை அடிச்சிட்டுப் போவான். அந்த மாதிரி நாள்ல, ஏறும்மா சீக்கிரம்னு எரிஞ்சு உழுந்துருக்கேன். அப்புறம் ராத்திரி சோறு எறங்காது. ஆனா உழுந்தது உழுந்ததுதானுங்களே."

"எம்மேலயும் எரிச்சல் வருமுங்களா?"

"வருங்க. வராதுன்னு இன்னைக்கு சொல்லிட்டுப் போனன்னா நாளைக்கு நீங்க என்னயப் பொய்காரன்னு சொல்லுவீங்க." பிறகு, "எரிச்சல் வந்தாலும் விசில் குடுக்க மாட்டங்க" என்றார்.

அக்கா மாட்டு வாயிலிருந்து விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்து என்னால் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கோ அந்த மனிதர் மேல் கோபமும் மரியாதையும் சேர்ந்தே வந்தன.

குதிரைச் சரிவு

மூன்றாவது குளத்துக்கு வரும்போது வெயில் இறங்கிவிட்டது. இந்தக் குளத்தில் மூன்று பக்கம்தான் படி. நாலாவது பக்கம் கல் பாவிய சரிவு. சுல்தான் காலத்துப் படைக் குதிரைகள் இறங்கித் தண்ணீர் குடிக்கக் கட்டியது என்று சொல்வார்கள். கற்கள் வழுக்காமல் இருக்கக் குறுக்கே கொத்தி வைத்திருக்கிறார்கள். அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கொத்து காலுக்குத் தெரியும்.

முனிரத்தினத்தின் அம்மாவுக்கு முழங்கால் வலி. அது வரை ஒரு குளத்திலும் இறங்காதவர், இந்தச் சரிவைப் பார்த்ததும் ஆசைப்பட்டு இறங்கினார். முகம் கழுவினார். கொஞ்ச நேரம் கல்லில் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போதுதான் வம்பு. மகன் ஓடி வருவதற்குள் அக்கா பக்கத்தில் போயிருந்தாள்.

"கைய இங்க வைங்கம்மா. முட்டிக்கு மேல. நல்லா அழுத்துங்க. இப்ப எந்திரிங்க."

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே மாதிரி முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு சரிவில் ஏறி வந்தார்கள். ரஹீம் பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். காரியம் முடிந்தது என்று நாங்கள் இருவரும் அப்போது நினைத்தோம்.

வீட்டுக்கு வந்தோம். கேசரி ஆறியிருந்தது, பஜ்ஜி சுடச்சுட வந்தது. நாற்காலியில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்தார். அக்கா நின்றுகொண்டே காபி கொடுத்தாள். அவர்கள் கிளம்பும் நேரம் வந்தது. அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடமாகியிருந்த வாக்கியத்தைச் சொன்னார்:

"வூட்டுக்குப் போயி கலந்து பேசிட்டு சொல்லியனுப்பறோங்க."

அப்பாவின் தோள் இறங்கிவிட்டது. அம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். முதல் இடத்துக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் இந்த வாக்கியத்தோடுதான் எல்லாம் முடிந்திருந்தது. இதைச் சொன்னவர்களில் ஒருத்தரும் சொல்லியனுப்பியதில்லை.

"சரிங்கம்மா" என்றாள் அக்கா. "நாங்களும் கலந்து பேசிட்டு சொல்லியனுப்பறோங்க."

ரஹீம் பாய் தாடியில் வைத்த கையை எடுக்க மறந்துவிட்டார். பெண் வீட்டுக்காரர்கள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த அம்மாள் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். முனிரத்தினம் மட்டும், "அதாங்க முறை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மண்டி வாசலில் பாய்

அதன் பிறகு வந்த நாட்களில் அப்பா பட்ட பாடு சொல்லி மாளாது. பெண்ணுக்கு வாய் நீண்டுவிட்டது என்று நினைத்திருப்பார்களோ என்று அம்மாவிடம் புலம்புவார். அந்தப் பையன் எரிச்சல் வரும் என்று முகத்துக்கு நேரே சொன்னானாமே, இவளுக்குத்தான் பிடிக்கவில்லையோ என்று என்னிடம் கேட்பார். அவளிடமே கேளுங்கள் என்றால் மண்டிக்குப் போய்விடுவார். அக்கா குளிக்கும்போது பாடுகிறாள் என்று மட்டும் நான் அவருக்குத் துப்புக் கொடுத்தேன்.

ஒரு நாள் காலையில் ரஹீம் பாய் மண்டி வாசலில் வந்து நின்றார். அரூரிலிருந்து சேதி. அவர்களுக்குச் சம்மதம். பையன் திரும்பிப் போகிற பஸ்ஸில் வைத்தே சொல்லிவிட்டானாம், அவன் அம்மாவும் சரியென்றாராம். அப்பா அங்கேயே, மூட்டைகளுக்கு நடுவில், "எங்களுக்கும்" என்று வாயெடுத்தாராம். பிறகு நிறுத்திக்கொண்டு, "இருங்க பாய், வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

நானும் அக்காவும் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து வீட்டுப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். அப்பா வந்து நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மாதேசு, அவங்க சரின்னு சொல்லிட்டாங்க. பாய் வெளிய நிக்கிறாரு." துண்டைக் கையில் மடித்துக்கொண்டார். "உனக்குச் சம்மதமாம்மா?"

அக்காவின் கை நின்றது. இத்தனை வரன் வந்து போன வீட்டில், பிடித்திருக்கிறதா என்று எல்லோரையும் கேட்டிருக்கிறோம். அவளை யாரும் கேட்டதில்லை. அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டிருந்தது.

"இன்னொரு தடவ கேளுங்கப்பா" என்றாள்.

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, இன்னொரு தடவை கேட்டார்.